ஒரு பாத்தி தூரம்

நெடுவரப்பில் மனிதர்களின் குரல் அவரவர் நிலத்தின் அளவுக்கு வந்து நின்றது ஒரு பங்குனி மாதம், பாத்திகளில் உப்பு பூத்து வெள்ளை கண்ணைக் கூச வைத்த சமயம். அன்று காலையில் சங்கு ஊதியதும் எல்லோரும் வழக்கம்போலப் பேசிச் சிரித்துக்கொண்டுதான் உப்பளத்துக்குள் இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள், யாருக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவு தூரம்தான் அவர் பேச்சு கேட்கும் என்று ஆகிவிட்டது. பட்டாவா ஆக்கிரமிப்பா என்றெல்லாம் குரல் பார்க்கவில்லை, யார் கைக்குள் இருக்கிறதோ அவர் நிலம். குடியிருக்கும் மனை கணக்கில் வரவில்லை, ஏதாவது விளைந்தால்தான் நிலம். பெற்றவர்களுக்கு எவ்வளவோ பிள்ளைக்கும் அவ்வளவே. டவுனிலிருந்து ஒரு காது டாக்டர் வந்து ஊர்ச் சனங்களின் காதுகளையெல்லாம் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி எல்லோருக்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது ஒரு சாக்கு உப்பு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை. கடல் ஏன் கரிக்கிறது என்று கேட்டுக்கொண்டா அந்த ஊரில் உப்பு வாரினார்கள்?

பெரிய அளத்து முதலாளி ஆதிநாராயணனின் குரல் ஒருபக்கம் கடல்வரைக்கும் மறுபக்கம் ரயில் ரோடு வரைக்கும் போயிற்று. அவர் காலையில் வாய் கொப்பளிப்பதும், மருமகனை வைவதும், குழம்பில் புளி கூடிவிட்டது என்று சமையல்காரரைப் பிடித்துக்கொள்வதும், பக்கத்து அளத்தில் மட்டும் ஒரு மழை பெய்யட்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொள்வதும் ஊர் முழுக்கக் கேட்டன. மெதுவாகச் சொன்னாலும் கேட்டன, உரக்கச் சொன்னாலும் அவ்வளவு தூரமே கேட்டன. கோயிலுக்குக் கொஞ்சம் மானிய நிலம் இருந்ததால் மணியோசை அந்த மட்டுக்கும் போய் நின்றுவிட, அதற்கு அப்பால் இருந்தவர்கள் பூசை நேரத்தை வெயிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். தென்னந்தோப்பு வைத்திருந்த தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடம் முழுவதற்கும் பாடம் நடத்தினார், தோப்பில்லாத வாத்தியார்கள் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்கள்.

வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசைக் குடிசைகளில் ஒருவருக்கும் ஒரு பிடி மண் கிடையாது. அவர்கள் பேச்சு உதட்டைத் தாண்டவில்லை, காதில் வாய் வைத்துச் சொன்னால்தான் உண்டு. பாத்தியில் பாடுகிற பாட்டு நின்றுபோனது. சண்டைக்காரர்கள்கூட ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வைய வேண்டியிருந்தது, பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துபோனது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கஷ்டமெல்லாம் கைக்குழந்தைக்காரிகளுக்குத்தான். கொட்டகையில் தொட்டில் கட்டிவிட்டு உப்பு வாரப் போனால் பிள்ளை அழுவது கேட்காது. அதனால் பிள்ளையின் காலில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள், நூல் இழுபட்டால் போட்டது போட்டபடி ஓடினார்கள். மாடத்தி என்ற பெண் ஒருநாள் நூல் அறுந்தது தெரியாமல் கூடை கூடையாக உப்புச் சுமந்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது, அவள் மகள் முத்துக்கனியின் முதுகெல்லாம் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பிள்ளை அழுது அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது. அந்த விக்கலையும் தூக்கி நெஞ்சில் போட்ட பிறகுதான் மாடத்தியால் கேட்க முடிந்தது.

செந்தூர்பாண்டிக்கு நடுத்தரமான குரல். அவர் அப்பா காலமெல்லாம் குத்தகைக்கு உப்பு விளைவித்தவர், மகன் தலையெடுத்துச் சொந்தமாக ஒரு சின்ன அளம் வாங்கினார். அவர் குரல் ஒருபக்கம் ஆதிநாராயணனின் பங்களா வாசற்படியைத் தொட்டது, மறுபக்கம் வரிசைக் குடிசைகளின் கடைசி வீட்டைத் தொட்டது. ஊர்க் காரியம் அத்தனையும் பெரிய அளத்துக்காரர்களின் கமிட்டி கையில் இருந்தது. யார் அளத்துக்குக் கடல்தண்ணி வாய்க்காலைத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்களிலே செந்தூர்பாண்டி இல்லை, என்ன சம்பாதித்தாலும் குத்தகைக்காரன் மகன்தானே.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், ஆதிநாராயணன் தன் வீட்டில் மருமகனிடம் சொல்வது கேட்டது.

"வார வருசம் செந்தூர்பாண்டி வாய்க்கால அடைச்சிருவோம். தண்ணி இல்லாம எத்தன நாளைக்கு அளத்த வச்சிருப்பான்? தன்னால நம்மட்ட வித்துட்டுப் போவான்."

அவர் மனைவி தங்கபுஷ்பம் கரண்டியோடு நின்றுவிட்டாள். "கேட்டியளா?"

"கேக்காம என்ன, ஊருக்கே கேட்டுருக்கும்."

அதற்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கமிட்டியில் அவர் பக்கம் பேச ஒருத்தர் இல்லை. குரல் உள்ளவர்கள் எல்லாம் அந்தப் பக்கம், மிச்சம் இருந்தது குரல் இல்லாதவர்கள்தான்.

ஆனால் ஒரு விசித்திரம், அந்தக் குரல் இல்லாதவர்களை நினைத்துத்தான் ஆதிநாராயணனுக்குத் தூக்கம் போயிருந்தது. முன்பெல்லாம் அவர்கள் பாடுவதும், கூலிக்கு முணுமுணுப்பதும், சாராயம் குடித்துவிட்டு அவர் பெயரைச் சொல்லி வைவதும் காதில் விழும், அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகக் கண்ணயர்வார். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. மாடியில் நின்று பார்த்தால் ஒருத்தி காதில் ஒருத்தி வாய் வைத்திருக்கிறாள், அவள் போய் இன்னொருத்தி காதில் வைக்கிறாள். யாரோ போட்ட பீடித் துண்டால் உப்பு அம்பாரத்தின் கூரைக் கீற்று ஒன்று எரிந்தபோது, இது பீடியால் எரிந்ததல்ல என்று அவர் முடிவே செய்துவிட்டார். இரண்டு பக்கமும் பேச்சு எட்டுகிற ஆள் என்று செந்தூர்பாண்டிக்கு ஆள் அனுப்பினார்.

"என்னவே பேசுதானுவ அங்க?"

இந்தக் கேள்வி குடிசைகளுக்கும் கேட்டது, எல்லோரும் வாயைப் பொத்தாமலே சிரித்தார்கள். அவர்கள் பேசியதெல்லாம் சாளை மீன் விலையும் பல்வலியும்தான். அது செந்தூர்பாண்டிக்கு நன்றாகவே தெரியும்.

"நல்ல பேச்சு இல்ல மொதலாளி," என்றார் அவர். "ரொம்பக் கோவமா இருக்காவ."

ஆதிநாராயணன் முகம் வெளுத்தது. "என்ன வேணுமாம்? கேட்டுட்டு வாரும்."

செந்தூர்பாண்டி குடிசைகளின் முன்னால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஊர்க் காரியங்களை முடிவு செய்யக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்குகிற உரிமையைக் கேட்போம், குரலுக்குத்தான் நிலம் வேண்டும், கைக்கு நிலம் வேண்டாம் என்று உற்சாகமாக எடுத்துச் சொன்னார். சனங்கள் தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து அவர் காதில் சொல்லத் தொடங்கினார்கள், முதலில் வந்தவள் மாடத்தி. அவள் மூச்சு கன்னத்தில் படும்படி குனிந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"கையும் வேணுந்தான் அண்ணாச்சி. ஆனா அதுக்கு முன்ன ஒண்ணு. கெழக்கு அளம் சர்க்கார் பொறம்போக்குதானே, பெரியவரு சும்மா வளச்சுப் போட்டதுதானே. அத ஆளுக்கு ஒரு பாத்தியா பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. ஒரு பாத்தி போதும். எம்புள்ள அழுதா ஒரு பாத்தி தூரமாவது கேக்கணும். மொதல்ல இதச் சொல்லுங்க, பெறவு கையச் சொல்லுங்க."

அவளுக்குப் பிறகு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஆணும் பெண்ணும், வாயில் பல் இல்லாதவர்களும், அதே வார்த்தையை அதே வரிசையில் அவர் காதில் வைத்துவிட்டுப் போனார்கள், காது சூடாகிப்போனது. "சொல்லுதேன் தாயி, அப்படியே சொல்லுதேன்" என்று செந்தூர்பாண்டி எழுந்தார். அந்த நிமிஷத்தில் மனசாரத்தான் சொன்னார். மனசு கெட்டதெல்லாம் பங்களாப் படியில் ஏறும்போதுதான்.

முதல் படியில், நிலத்தைக் கேட்டால் கிழவர் முறுக்கிக்கொள்வார், கையும் போய்விடும் என்று தோன்றியது. அடுத்த படியில், கை போனால் தன் வாய்க்காலும் போகும் என்று தோன்றியது. கடைசிப் படியில் தோன்றியதை அவர் வெகுகாலம் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கிழக்கு அளத்தின் மேல் அவருக்கே ஒரு கண் இருந்தது.

"என்ன வேணுமாம்?"

"கூட்டத்துல அவுகளும் கை தூக்கணுமாம் மொதலாளி."

"பெறவு?"

"அவ்வளவுதான்."

"நெலம் கிலம் ஒண்ணும் கேக்கலியா?"

"இல்ல மொதலாளி."

ஆதிநாராயணன் நாற்காலியில் சாய்ந்து, தொந்தி குலுங்கச் சிரித்தார். "கையத்தானே, தூக்கிட்டுப் போட்டும்! நான் நெலத்தக் கேப்பானுவன்னுல்லா பயந்து கெடந்தேன்!" அந்தச் சிரிப்பு எப்போதும்போலக் கடல்வரைக்கும் போயிற்று. செந்தூர்பாண்டிக்கு அந்த நேரம் தன் வாய் என்ன சொன்னது என்பதில்தான் நினைப்பு, முதலாளியின் வாய் எதுவரைக்கும் கேட்கும் என்பதில் இல்லை.

திரும்பி வந்தபோது எல்லோரும் குடிசை வாசலில் நின்றிருந்தார்கள். "ஒத்துக்கிட்டாரு!" என்று கையை உயர்த்திக் கத்தினார். "கெழக்கு அளத்தப் பத்தியும் பேசிருக்கேன், அது மெதுவாத்தான் ஆகும்." யாரும் கிட்டே வரவில்லை, அவர் காதுக்கு ஒரு வாயும் வரவில்லை. பாவம், வேலை செய்த களைப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நெடுவரப்பில் குடியாட்சி வந்தது அப்படித்தான். அதைத் தலைமை ஆசிரியர் நாற்காலியில் இருந்தபடியே எல்லா வகுப்புக்கும் விளக்கினார். உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் கூட்டம் நடந்தது. வெயிலில் கறுத்து உப்பில் வெடித்த கைகள் ஒரு காடு மாதிரி எழுந்து நின்றதைப் பார்த்துச் செந்தூர்பாண்டிக்குக் கண் கலங்கியது, அது பொய்க் கலக்கம் இல்லை. அவரைத்தான் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வாய்க்காலை இனி யாரும் அடைக்க முடியாது என்று முதல் தீர்மானம் போட்டார். ஆனால் போகப் போக ஒன்று தெரிந்தது. கை தூக்கலாம், எதற்குத் தூக்குவது என்று கேட்க வாய் வேண்டும். கிழக்கு அளத்தைப் பிரிப்போமா என்று பெரிய அளத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள், மற்றபடி அதைக் கேட்கக் கூடிய குரல் அந்தக் கிட்டங்கியில் யாருக்கும் இல்லை, செந்தூர்பாண்டியைத் தவிர. செந்தூர்பாண்டி கேட்கவில்லை.

வேறொன்று கேட்டார். கிழக்கு அளம் இனி ஊர்ப் பொது, அதை ஏலத்தில் விடலாமா என்று கேட்டார். பொது என்ற சொல்லுக்குக் கைகள் எழுந்தன. ஏலத்தில் கேட்கக் குரல் வேண்டுமே, குரல் இருந்த பெரிய அளத்துக்காரர்கள் ஆதிநாராயணன் சொல்படி ஒதுங்கிக்கொண்டார்கள், ஆகவே கேட்டது அவர் ஒருவர்தான். ஆதிநாராயணனுக்கு வாய்க்கால் தலைப்பில் இருந்த இவருடைய சின்ன அளத்தின் மேல் ஆசை, இவருக்குக் கிழக்கின் அகலத்தின் மேல் ஆசை, இரண்டு பேரும் முன்னாடியே ஒரு காப்பியோடு பேசி முடித்திருந்தார்கள். செந்தூர்பாண்டி தன் சின்ன அளத்தைப் பெரியவருக்கு விற்றுக் கிழக்கு அளத்தை எடுத்தார். அவர் குரல் நீளத் தொடங்கியது. பாத்தி பாத்தியாக நிலம் கைக்கு வர வர, வேலியில் கொடி படர்வதுபோல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தூரம் போயிற்று, அவர் அதைக் கவனிக்கவில்லை. யாருக்குத்தான் தன் குரல் எதுவரைக்கும் போகிறது என்று தெரிகிறது?

அதற்குள் முத்துக்கனி நடக்கப் பழகிவிட்டாள். நடக்கிற பிள்ளையை நூலில் கட்டிவைக்க முடியாது. ஓர் ஆடி மாதம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த முற்பகலில், கிழக்கு அளத்து வாய்க்காலில் அவள் தவறி விழுந்தாள். மாடத்தி வரப்பில் உப்புச் சுமந்துகொண்டிருந்தாள். செந்தூர்பாண்டி கொட்டகை நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வாய்க்காலுக்கும் கொட்டகைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பாத்தி. பிள்ளை கூப்பிட்டிருக்கும், ஏன் கூப்பிடாது, அம்மா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கும். அவர் டீ ஆறிவிட்டது என்று இன்னொன்று போடச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ வாய்க்காலைக் காட்டி ஓடினார்கள். மாடத்தி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து அழுதாள், அளம் முழுக்க அவள் அழுவதைப் பார்த்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து செந்தூர்பாண்டிக்கு அந்த ஒரு பாத்தியைத் தாண்ட முடியவில்லை. கொட்டகையிலிருந்து வாய்க்காலுக்கு நடந்து பார்ப்பார், வாய்க்காலிலிருந்து கொட்டகைக்கு நடந்து பார்ப்பார். நாய் குரைத்தால் கேட்கிற தூரம், தும்மினால் கேட்கிற தூரம். ஒரு பாத்தி போதும் என்று அவள் சொன்னாள், எண்ணிச் சொன்னதுபோலச் சொன்னாள். டீயை விட்டார், கொட்டகையைப் பிரித்துப் போட்டார், கோயிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்தார். எதற்கும் மனசு கேட்கவில்லை. ஊரார் முன்போலவே கும்பிடு போட்டதுதான் அவரை அதிகமாகக் கொன்றது.

ஆவணியில் ஒரு மத்தியானம் தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பம் முகத்தைப் பார்த்தாள். "என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?"

"அவ சொன்னத நான் சொல்லல புஷ்பம்." குரல் தொண்டைக்குள்ளேயே இருந்தது. "கெழக்கு அளத்த ஆளுக்கு ஒரு பாத்தி கேக்கச் சொன்னா. நான் கேக்கல. அந்தப் புள்ள எனக்குக் கேக்குற தூரத்துலதான் கெடந்துருக்கு. நான்தான் கேக்க விடாமப் பண்ணிட்டேன். நான்தான் கொன்னேன்."

வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த மாட்டுவண்டி நின்றது. எங்கோ தூரத்தில், பங்களாவில், ஆதிநாராயணன் "என்னவே ஒளறுதான் இவன்?" என்று மருமகனைக் கேட்டார்.

"மெதுவாத்தானே பேசுனேன்," என்றார் செந்தூர்பாண்டி.

"நீங்க மெதுவாத்தான் பேசுனிய," என்றாள் தங்கபுஷ்பம். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "இம்புட்டு நெலத்த வச்சுக்கிட்டு எங்கிட்டு மெதுவாப் பேச?"

மறுநாள் காலையில் சங்கு ஊதியும் யாரும் பாத்திக்குள் இறங்கவில்லை. கிழக்கு அளத்து வரப்பில் கூட்டமாக நின்றார்கள். செந்தூர்பாண்டி நடந்து வந்தார். மாடத்தி வந்து, முன்பு குனிந்ததுபோலவே அவர் காதருகில் குனிந்தாள்.

"நேத்து நீங்க அக்காட்ட சொன்னது கேட்டுச்சு அண்ணாச்சி. புதுசா ஒண்ணும் இல்ல. நெலம் கேக்கலியான்னு பெரியவரு சிரிச்சாருல்லா, அது அன்னைக்கே எங்களுக்குக் கேட்டுச்சு."

செந்தூர்பாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுமா எனக்குக் கை தூக்குனிய?"

"வேற யாரு சத்தம் எங்க பக்கத்துல இருந்துச்சு?" என்றாள் அவள். "இப்ப உங்க சத்தம் ரயில் ரோடு வரைக்கும் போவுது. அன்னைக்கு நாங்க சொன்னத இன்னைக்குச் சொல்லுங்க."

செந்தூர்பாண்டி வரப்பின் மேல் ஏறி நின்றார். வாயைத் திறந்தார். "கெழக்கு அளம் ஆளுக்கு ஒரு பாத்தி" என்றார், ஊரின் நான்கு மூலைக்கும் கேட்டது. பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினார். உலகம்மாளுக்கு ஒரு பாத்தி என்றதும் உலகம்மாள் இருமினாள், அந்த இருமல் எல்லோருக்கும் கேட்டது. சுடலைமுத்துக்கு ஒரு பாத்தி என்றதும் அவன் மனைவி இடுப்பில் இருந்த பிள்ளை வீரிட்டு அழுதது, அவள் பயந்துபோய்ப் பிள்ளையைப் பார்த்தாள், அது இவ்வளவு அழும் என்று அவளுக்கே தெரியாது. பத்திரமெல்லாம் பதிவு ஆபீசில் பிறகு மெல்லத்தான் ஆயிற்று, ஆனால் குரல் முத்திரைத் தாளுக்காகக் காத்துக் கிடக்கவில்லை. ஒவ்வொரு பாத்தி போகவும் செந்தூர்பாண்டியின் குரல் ஒரு பாத்தி குறைந்தது. முதலில் ரயில் ரோட்டை விட்டது, பிறகு கோயிலை விட்டது.

"பெறவு என்ன சொன்னான்?" என்று பங்களாவிலிருந்து ஆதிநாராயணன் அலறினார். "யாருக்குக் குடுத்தான்? எனக்குக் கேக்கலியே! ஏ, யாராவது சொல்லுங்களேன்வே!"

கடைசியில் மிஞ்சியது வாய்க்காலுக்கும் கொட்டகை இருந்த இடத்துக்கும் நடுவே கிடந்த பாத்தி. அதைக் கடைசிக்கு வைத்திருந்தார், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வைத்திருந்தார். மாடத்திக்கு என்று சொன்னார். அந்தச் சொல்லோடு அவரிடம் ஒரு பிடி மண்ணும் இல்லை. இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது, அதுதான் முக்கியமானது. உதடு அசைந்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை. மாடத்தி மட்டும் அருகே வந்து தன் காதைக் கொடுத்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னத மறந்து விடல தாயி, வேணும்னுதான் விட்டேன். எம்பாவத்துக்கு உன் புள்ள போச்சு. நான் மன்னிப்புக் கேட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லு. இத மட்டும் அப்படியே சொல்லிரு."

அவள் நிமிர்ந்தாள். கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன, வெகுநாள் கிடந்து துருப்பிடித்த குரல்கள். "என்ன சொல்லுதாரு அண்ணாச்சி? என்ன மாடத்தி சொல்லுதாரு?"

செந்தூர்பாண்டி அவள் வாயையே பார்த்தார். அன்றைக்குக் குடிசை வாசலில் நின்ற அத்தனை பேரும் தன் வாயை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மாடத்தி வாய்க்காலைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். அவள் குரல் வாய்க்காலில் தொடங்கிக் கொட்டகை இருந்த இடம்வரைக்கும் தெளிவாகப் போய் நின்றது. "வெயில் ஏறங்குள்ள வரப்பப் பிரிச்சுக்கிடச் சொல்லுதாரு."

அது இல்லை, நான் சொன்னது அது இல்லை என்று செந்தூர்பாண்டி சொன்னார். திரும்பவும் சொன்னார். சனங்கள் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு பாத்திகளுக்குள் இறங்கிவிட்டார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.